மூலனூர் போனவள்

ஹௌரா
4-3-1974

மருதம்மாள் அவர்களுக்கு,

சென்னியப்பன் எழுதுவது. எந்தச் சென்னியப்பன் என்று யோசிக்க வேண்டாமுங்க. உங்கள் வீட்டுக்காரர் திருமூர்த்தியும் நானும் ஒரே பனியன் கம்பெனியில் பக்கத்துப் பக்கத்து மிஷினில் நின்றவர்கள். அவனை மஞ்சள் காமாலைக்குப் பறிகொடுத்து ஒரு வருஷம் திரும்பும் முன்பே உங்கள் வாசலுக்கு வந்து, "என்னைக் கட்டிக்குவீங்களா" என்று கேட்டவன் நான். "இனி இந்த வாசலை மிதிக்காதீங்க" என்றீர்கள். அடுத்த வாரமே கல்கத்தாவுக்கு ரயிலேறிவிட்டேன்.

இருபத்து மூன்று வருஷம் மிதிக்கவில்லை. போன மாதம், தைப்பூசம் முடிந்த கையோடு, உங்கள் வாசல்வரைக்கும் வந்துவிட்டேன். அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

திருப்பூர் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கம்பெனிக்காரர் கல்கத்தா மிஷின்கள் இறக்கியிருக்கிறார். அவற்றில் பழகின ஃபிட்டர் வேண்டுமென்று எனக்கு ஆள் விட்டிருந்தார். அதைப் பேச வந்ததாகத்தான் எல்லோரிடமும் சொன்னேன். பேச்சு அரை மணியில் முடிந்தது. மீதி நாளெல்லாம் உங்கள் விலாசத்தை விசாரித்துக்கொண்டு சுற்றினேன். மண்ணரையில் லைன் வீட்டில் இருக்கிறீர்கள், ஒரு கம்பெனியில் பனியன் மடித்துப் பெட்டியில் அடுக்குகிறீர்கள் என்றார்கள்.

வந்தேன். குழாயடியில் ஒரு ஆத்தா குடம் வைத்துக்கொண்டு நின்றது. முக்காடு போட்டிருந்தது. முன்பல் இரண்டு இல்லை. "ஏனுங்க ஆத்தா, திருமூர்த்தி சம்சாரம் மருதாயி ஊடு எதுங்க?" என்று கேட்டேன். அது முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டது. பிறகு, "மருதாயி இங்க இல்லீங்க. மூலனூர்ல தங்கச்சி ஊட்டுக்குப் போயிருக்குது. வர நாளாகும்" என்றது. குடிக்கத் தண்ணி கேட்டேன். சொம்பில் பிடித்துக் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. உங்களுக்குச் சொந்தமா? வந்துபோனதைச் சொன்னதா இல்லையா என்று தெரியவில்லை.

என் மனைவி வேலாத்தாள் இறந்து இரண்டு வருஷமாகிறது. நல்ல பெண். மகளைக் கரக்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். அங்கே போனால் பேரப்பிள்ளைகள் என்னோடு இந்தியில் பேசுகிறார்கள். போன மழைக்காலத்தில் ஓடுகிற டிராமில் தொற்றப்போனேன். இருபது வருஷத்துக்கு மேலாகச் செய்கிற காரியம். அன்றைக்குக் கண்டக்டர் குனிந்து என் கையைப் பிடித்துத் தூக்கி, ஒரு பெண்பிள்ளையை எழுப்பிவிட்டு உட்காரவைத்தான். உட்கார்ந்தபோது ஒன்று தோன்றியது. எனக்குத் தலை கறுப்பாக இருந்ததைப் பார்த்தவர்கள் இந்த ஊரில் இப்போது ஒருவரும் இல்லை.

அதே டிராமில், கம்பியைப் பிடித்தபடி, திருமூர்த்தி நின்றிருந்தான். பயப்பட வேண்டாம். யாரோ ஒரு வங்காளிப் பையன்தான். ஆனால் எனக்கு அடிக்கடி இப்படி ஆகிறது. பாலத்தில், மீன் கடையில், மிஷின் ஹாலில். அவனுக்கு வயதே ஏறுவதில்லை.

உங்களை நினைத்தால் பழனிப் பாதயாத்திரைதான் வருகிறது. இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை, கனகாம்பரம், அவன் காவடிக்குப் பின்னால் வெறுங்காலோடு ஓட்டம். அந்த முகத்தை ஒருதரம் பார்க்கலாம் என்றுதான் வந்தேன். வேறு எண்ணமில்லை.

சென்னியப்பன்

●

மண்ணரை
17-3-1974

சென்னியப்பன் அவர்களுக்கு,

காயிதம் வந்துச்சு. நான் மூலனூர்ல இருந்தது நெசந்தானுங்க. தங்கச்சி மகளுக்குப் பிரசவம். இப்ப வந்துட்டேன்.

குழாயடியில இருந்த பொம்பளை யாருன்னு கேட்டிருக்கறீங்க. இந்த லைன்ல எத்தனையோ பேரு. அதையெல்லாம் விசாரிக்க வேண்டாம்.

அன்னிக்கு நான் சொன்னது தப்புன்னு நான் நினைக்கலை. அவரு போட்டுட்டுப் போன சட்டையில வேர்வை வாசம் போகலை. அதுக்குள்ள நீங்க வந்து கேட்டீங்க. கூடப்பொறந்தவனாட்டம் இருந்தீங்கன்னு நம்பியிருந்தேன். அவரைப் பத்திப் பேச எனக்கு ஒரே ஆள் நீங்கதான் இருந்தீங்க. அந்த ஒரு ஆளையும் அன்னிக்கே நீங்க எடுத்துட்டுப் போயிட்டீங்க. இத்தனை வருசத்துல எனக்குக் கோவம் அதுலதான். கேட்டதுல இல்லை.

சடையைப் பத்தி எழுதியிருக்கறீங்க. அதெல்லாம் இப்ப எதுக்குங்க.

நீங்க திருப்பூருக்கு வேலைக்கு வர்றதுன்னா வாங்க. ஊரு என்னுதில்லை. மண்ணரைப் பக்கம் வர வேண்டாம். இந்த வயசுல ஒருத்தரை ஒருத்தர் பார்த்து ஆகப்போறது ஒண்ணுமில்லை.

இடது காலு அப்படி இழுக்குதே, வைத்தியம் பாருங்க. அசட்டையா விடாதீங்க.

மருதம்மாள்

●

ஹௌரா
30-3-1974

மருதம்மாள் அவர்களுக்கு,

உங்கள் கோபம் நியாயமுங்க. நான் அப்படி நினைத்துப் பார்த்ததே இல்லை. நீங்கள் என்னைத் தள்ளிவிட்டதாகவே இத்தனை காலமும் சொல்லிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு அவனைப் பேச ஆளில்லாமல் போனது எனக்கு உறைக்கவில்லை. எனக்கும் இங்கே அவனைப் பேச ஆளில்லை. வேலாத்தாளிடம் ஒருதரம் ஆரம்பித்தேன். "செத்தவங்களைப் பத்திச் சோத்துத் தட்டுக்கு முன்னால பேசாதீங்க" என்றாள். விட்டுவிட்டேன்.

அவன் சாகும்போது, ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில், என் மடியில்தான் தலை வைத்திருந்தான். கண் மஞ்சள் பூத்திருந்தது. "சென்னீ, ஊட்டுக்குப் போனா மருதாயிகிட்ட நான் தூங்கறேன்னு சொல்லு" என்றான். நான் அதை உங்களிடம் சொன்னேனா, இல்லையா? ஞாபகமில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தின் கடைசி வரியைப் பலமுறை படித்துவிட்டேன். என் இடது கால் இழுப்பதைப் பற்றி நான் எழுதவே இல்லையே. மிஷின் விழுந்து அடிபட்டது ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால். நீங்கள் பார்த்த சென்னியப்பன் நன்றாக நடந்தவன்.

அந்த ஆத்தா சொல்லியிருக்கும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அந்தச் சொம்பு ஞாபகம் வந்தது. சொம்பைக் கொடுக்கும்முன் அதன் விளிம்பை முந்தானையால் ஒரு சுற்று துடைத்தது. உங்கள் வீட்டில் நான் தண்ணீர் குடித்தபோதெல்லாம் ஒருத்தி அப்படித்தான் துடைத்துக் கொடுப்பாள். அவன் அதற்காக உங்களைக் கேலி செய்வான்.

கேட்கப் பயமாக இருக்கிறதுங்க. கேட்கவில்லை. நீங்களாகச் சொன்னால் சொல்லுங்கள்.

சென்னியப்பன்

●

மண்ணரை
28-4-1974

சென்னியப்பன் அவர்களுக்கு,

எழுதி எழுதிக் கிழிச்சேன். இதைக் கிழிக்கலை.

குழாயடியில நின்னது நான்தானுங்க.

இத்தனை நாளு இந்த ஒரு வரிக்குத்தான் கை வரலை. எழுதிட்டேன். இனி மத்ததை எழுதிப்போடலாம்.

உங்களை எனக்கும் அடையாளம் தெரியலை. முனிசிபாலிட்டியில இருந்து யாரோ பெரியவரு வர்றாருன்னு நினைச்சேன். காலை இழுத்துக்கிட்டு, வெயிலுக்குக் கையைக் கண்ணுக்கு மேல வெச்சுக்கிட்டு. பக்கத்துல வந்து "ஏனுங்க ஆத்தா"ன்னீங்க. அந்தச் சத்தத்துலதான் தெரிஞ்சுது. முன்னெல்லாம் அதே சத்தம் என்னை அம்மிணின்னு கூப்பிடும்.

அப்பவே சொல்லியிருப்பேன். அதுக்கு முன்னால ஒண்ணு இருக்குதுங்க. அதைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும்.

போன வருசம் எனக்கு விசக்காய்ச்சல். பொழைக்க மாட்டேன்னு தங்கச்சிக்குச் சொல்லி அனுப்பிட்டாங்க. முடி கொத்துக் கொத்தாக் கொட்டிப்போச்சு. மிச்சத்தை நஞ்சம்மாள்தான் வெட்டிவிட்டா. அவ எனக்குப் பக்கத்து ஊடு, கம்பெனியிலும் பக்கத்து மேசை. பல்லும் அப்பப் போனதுதான். எந்திரிச்சு வேலைக்குப் போனா, புதுசா வந்த பிள்ளைங்க எனக்கு வழி விட்டு ஒதுங்குதுங்க. யாருக்கோ ஒதுங்குதுங்கன்னு நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால யாருமில்லை.

அந்தக் காய்ச்சல் விட்டதிலிருந்து ஒரு கனவு. மத்தியானம் கண்ணசந்தாக்கூட வருது. அவரு வர்றாரு. அதே வயசு, அதே மீசை. வாசல்ல செருப்பைக் கழட்டிட்டு, துண்டைத் தோள்ல இருந்து எடுத்துக் கையில வெச்சுக்கிட்டு, அவ்வளவு மரியாதையாக் கேக்கறாரு: "ஏனுங்க ஆத்தா, எம்பட மருதாயி எங்கீங்க?"

நான்தான்னு சொல்ல வாயைத் தொறக்கறேன். சத்தம் வர மாட்டேங்குது. அவரு என்னையத் தாண்டி உள்ள எட்டிப் பார்க்கறாரு. அடுப்படியைப் பார்க்கறாரு. "சரீங்க ஆத்தா"ன்னுட்டு அடுத்த ஊட்டுக்குப் போறாரு. அங்கயும் அதையே கேக்கறாரு. இந்த லைன்ல ஒரு ஊடு விடாமக் கேட்டுட்டுத்தான் போறாரு. நான் வாசப்படியில நின்னு பார்த்துக்கிட்டே இருக்கறேன்.

அவரு இருந்திருந்தா அவருக்கும் நரைச்சிருக்கும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டே கெழடு தட்டியிருப்போம், தெரிஞ்சிருக்காது. அவரு நின்ன எடத்துலயே நின்னுட்டாரு. நான் பாட்டுக்கு நடந்து வந்துட்டேன். இப்ப அவருக்கு நான் ஆத்தா வயசு. கட்டுனவருக்கு முன்னால நிக்க எனக்கே கூசுது.

இப்படி இருக்கறப்ப, பட்டப்பகல்ல, உசுரோட ஒரு ஆளு வந்து அதே கேள்வியைக் கேட்டா எப்படி இருக்கும்னு நினைச்சுப் பாருங்க. அவருதான் உங்களை அனுப்பிச்சிருக்கறாருன்னு நினைச்சேன். கனவுல வராத சத்தம் அன்னிக்கு வந்துச்சு. மூலனூர்னு வந்துச்சு.

பயம் மட்டுமில்லீங்க. நீங்க கேக்கறப்ப உங்க கண்ணுல அவ இருந்தா. சடையும் பூவுமா ஓடினவ. அவளை அப்படிப் பார்த்தவங்க எங்கய்யன், அம்மா, அவரு, நீங்க. மத்தவங்கெல்லாம் போயாச்சு, தங்கச்சி அப்பச் சின்னப் பிள்ளை. நான்தானுங்கன்னு சொல்லியிருந்தா, அந்த நிமிசமே உங்க கண்ணுல அவ செத்திருப்பா. அதை நான் நின்னு பார்க்கணும். என்னால ஆகலை. எங்காச்சும் போய் இருக்கட்டும்னு அவளை மூலனூருக்கு அனுப்பிட்டேன்.

நீங்க காலை இழுத்துக்கிட்டுத் திரும்பிப் போனதை ரோடு முனை வரைக்கும் பார்த்தேன். குடம் நெறஞ்சு வழிஞ்சு காலெல்லாம் ஈரம். நஞ்சம்மாள் வந்து, "ஏனக்கா, யாரு அது?"ன்னா. "ஊரு மாறி வந்துட்டாரு"ன்னேன்.

அவரு தூங்கறதாச் சொல்லச் சொன்னதை நீங்க அன்னிக்குச் சொல்லலைங்க. இப்பத்தான் எனக்குத் தெரியும். இருபத்து மூணு வருசம் கழிச்சு வந்து சேர்ந்துச்சு. தூங்கறவரு எதுக்கு ஊடு ஊடா வந்து கேக்கறாரு? அதுதான் எனக்கு விளங்கலை.

மருதம்மாள்

●

ஹௌரா
12-6-1974

மருதம்மாள் அவர்களுக்கு,

ரயில் வேலைநிறுத்தத்தில் தபாலெல்லாம் தேங்கிப்போய், உங்கள் கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை.

உங்களை ஆத்தா என்று கூப்பிட்ட வாயை என்ன செய்வதென்று தெரியவில்லை. சலூனுக்குப் போய் முகம் மழித்துக்கொண்டேன். கண்ணாடியில் நீங்கள் சொன்ன முனிசிபாலிட்டிப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். சிரித்தேன், அவரும் சிரித்தார். மோசமான ஆளாகத் தெரியவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். நீங்கள் பயந்தது நடந்துவிட்டதுங்க. கடிதத்தைப் படித்த அன்றைக்கே சடையும் பூவும் போய்விட்டன. எவ்வளவு கூப்பிட்டும் வரவில்லை. குடத்தோடு நின்ற முகம்தான் வருகிறது. இரண்டு நாள் துக்கமாகத்தான் இருந்தது. ஒரு சாவு போலத்தான். மூன்றாம் நாள் அந்த முகத்தை இன்னும் கொஞ்சம் சரியாகப் பார்த்திருக்கலாமே என்று இருந்தது. முக்காடு, வெயில், சொம்பு. நீங்களோ என்னைப் பார்க்கவே விடவில்லை.

ஆடி ஒன்பதாம் தேதி வருகிறேன். வேலை விஷயமாகக் கையெழுத்துப் போட வேண்டும். மண்ணரைக்கு வரவில்லை. நீங்கள் வர வேண்டாமென்று எழுதியதை மீற மாட்டேன். ஸ்டேஷனுக்கு யாரும் வரக்கூடாது என்று நீங்கள் எழுதவில்லை. வண்டி காலையில் வரும்.

சென்னியப்பன்

●

ஹௌரா
29-7-1974

மருதம்மாள் அவர்களுக்கு,

நேற்று வந்து சேர்ந்தேன். நாம் அங்கே பேசாமல் விட்டதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க முடியாதுங்க.

ஸ்டேஷனில் நீங்கள் தூணுக்குப் பக்கத்தில் முக்காடு இல்லாமல் நின்றீர்கள். வெட்டின முடி வளர்ந்து காதை மறைத்திருந்தது. முழுக்க வெள்ளை. நான் நேராக உங்களிடம் வந்தேன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. அதை நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ.

அப்புறம் நொய்யல் பாலத்தில் நின்று அவனைப் பேசினோம். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. அவன் புருவத்தில் வெட்டு இடது பக்கம் என்றீர்கள். வலது என்றேன். நீங்கள் விடவில்லை, நானும் விடவில்லை. அவனுக்கு ஒரு போட்டோகூட இல்லை, கேட்க ஆளும் இல்லை. ஆளுக்கு ஒரு திருமூர்த்தியை வைத்துக்கொண்டு சண்டை போட்டோம். பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அன்றைக்கு மாதிரி மனசு லேசான நாள் சமீபத்தில் இல்லை.

பிறகு காதர்பேட்டை. என் பனியனில் முதுகெல்லாம் ஓட்டை, சட்டைக்கு மேலேயே தெரிகிறது, ஒன்று வாங்குங்கள் என்று நீங்கள்தான் இழுத்துப்போனீர்கள். நுழைந்த கடையில் கடைக்காரர் தலை நிமிர்ந்தார். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும்.

அவனேதான். டிராமில் நின்றவன் இல்லை, பாலத்தில் போனவன் இல்லை. தாடை, மீசை, பேசும்போது தலையைச் சாய்ப்பது எல்லாம். புருவத்தில் எந்தப் பக்கமும் வெட்டு இல்லை, ஆனால் அவன். உங்களைப் பார்க்கத் துணியவில்லை.

அவர் ஒரு பனியனை எடுத்து உதறி என் நெஞ்சில் வைத்துப் பிடித்தார். உங்களைப் பார்த்து, "இந்த சைஸ் போதுங்களாம்மா, ஊட்டுக்காரருக்கு?" என்றார்.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் துணியை விரலில் தேய்த்துப் பார்த்தீர்கள், தையலைத் திருப்பிப் பார்த்தீர்கள். "ஒரு சைஸ் பெருசா எடு கண்ணு. துவைச்சா சுருங்கும்" என்றீர்கள்.

அவ்வளவுதான். வெளியே வந்தோம். வெயிலைப் பற்றிப் பேசினோம். வண்டி வந்தது, ஏறினேன்.

ரயிலிலும் இங்கே வந்தும் அதையே யோசிக்கிறேன். கடையில் சத்தம் அதிகம், நீங்கள் அந்த வார்த்தையைக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அப்படி இருந்தால் இந்தக் கடிதத்தின் மீதியைப் படிக்காமல் விட்டுவிடுங்கள்.

கேட்டிருந்தால், நான் பழையதை மறுபடி கேட்கிறேனுங்க. ஆவணியில் வேலைக்கு வந்துவிடுவேன். தனியாக ஒரு ரூம் பார்க்கட்டுமா, வேண்டாமா? வாசலை மிதிக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

சென்னியப்பன்

●

மண்ணரை
11-8-1974

சென்னியப்பன் அவர்களுக்கு,

கேட்டுச்சுங்க. காது இன்னும் நல்லாத்தான் இருக்குது.

அந்த முகத்தை நானும் பார்த்தேன். மேசையைப் பிடிச்சுக்கிட்டேன். எங்க கேட்டுருவாரோன்னு இருந்துச்சு. எம்பட மருதாயி எங்கீங்கன்னு. அந்தத் தம்பி கேக்கலை. அவன் கண்ணு யாரையும் தேடலை. எதுக்க என்ன நிக்குதோ அதைப் பார்த்தான். ஒரு பெரியவரு, கூட ஒரு வயசான பொம்பளை. பார்த்ததைச் சொன்னான். இத்தனை நாளா யாரும் என்னை அப்படி நேராப் பார்த்ததில்லை. அதை இல்லைங்கறதுக்கு எனக்கு மனசு வரலைங்க.

கண்ணுன்னு கூப்பிட்டது யோசிச்சுக் கூப்பிடலை. அந்த வயசுப் பையனை வேற எப்படிக் கூப்பிடறது? வெளிய வந்து வெயில்ல நடக்கறப்பத்தான் உறைச்சுது, எந்த முகத்தைக் கண்ணுன்னு கூப்பிட்டேன்னு. கூப்பிட்டாச்சு. கூசலை.

கனவு நிக்கலை. அதை மறைக்க மாட்டேன். முந்தாநாளும் வந்தாரு, லைன் முழுக்கக் கேட்டுட்டுப் போனாரு. இன்னும் எனக்குச் சத்தம் வரலை. இனி நிக்காதுன்னுதான் நினைக்கறேன். அவரு வர்ற ஊடுன்னு தெரிஞ்சுதான் நீங்க வரணும்.

நஞ்சம்மாள்கிட்டச் சொன்னேன். "இந்த வயசுலயாக்கா?"ன்னா. அப்புறம், கம்பெனியில சிரிப்பாங்கன்னா. சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. தங்கச்சிக்குச் சொல்லலை. அவ பேச மாட்டா, தெரியும். கொஞ்ச நாள் ஆகும்.

அன்னிக்கு உங்களை வேண்டாம்னு சொன்னவ இப்ப இல்லீங்க. அவ சொன்னதும் சரிதான். கேட்ட ஆளும் இப்ப இல்லை. நாம ரெண்டு பேரு புதுசு.

ரூம் பார்க்க வேண்டாம். சிவன்மலைக் கோயில்ல ஒரு மாலை மாத்திக்கிட்டாப் போதும், கூட்டம் எதுவும் சேர்க்க வேண்டாம். வர்றப்ப அங்க ஒரு சீலை எடுத்துட்டு வாங்க. வெள்ளை வேண்டாம். பளபளன்னு செகப்பும் வேண்டாம், எடுத்தா நான் கட்ட மாட்டேன். என் வயசுக்கு ஆகற கலராப் பாருங்க.

மருதம்மாள்